டீ போடத் தெரிந்த நமக்கு ஆங்கில வினைச்சொல் கஷ்டமா?



எங்கள் கிளையில் சனிக்கிழமை மாலை நடக்கும் டியூஷனில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நான் கணக்கும் ஃபிசிக்ஸும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆங்கிலம் என் பாடம் இல்லை. ஆனாலும் வகுப்பு முடிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பதில் பாதி ஆங்கிலம்தான். "அண்ணே, இங்க 'இன்' போடணுமா 'ஆன்' போடணுமா?" "அண்ணே, இது 'மேக்'கா 'டூ'வா?" ஒவ்வொருவருக்கும் ஒரு வரி பதில் சொல்லி அனுப்பிப் பார்த்தேன். அடுத்த வாரம் அதே கேள்வி வேறு சொல்லோடு திரும்பி வருகிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன், மொழியியல் படித்தவன் இல்லை. ஆனால் வாரம் ஒரு லேப் ரிப்போர்ட் எழுதுகிறவனுக்கு இந்த விஷயம் பழகாமல் இருக்காது.

முதலில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வருவோம். என் ஹாஸ்டலில் ஒரு சீன நண்பர் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் கற்றுக்கொள்கிறார். அவர் ஒருநாள் கேட்டார்: "போடு என்றால் கீழே போடுவதுதானே? பிறகு எப்படி டீ போடுகிறீர்கள்?" நாங்கள் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், ஊசி போடுகிறோம். பூனை குட்டி போடுகிறது. இதில் எங்கேயாவது ஒரு பொருள் கீழே விழுகிறதா? 'அடி' இன்னும் மோசம். பெயின்ட் அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், கண் அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது. யாருக்கும் வலிக்கவில்லை.

இதை நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. 'போடு' என்ற சொல்லுக்கு இருபது அர்த்தம் மனப்பாடம் செய்து, அதில் பொருத்தமானதைத் தேடி எடுத்து நாம் பேசுவதில்லை. 'டீ போடு' என்பதை ஒரே துண்டாகக் கேட்டோம், ஒரே துண்டாக வைத்துக்கொண்டோம். ஆங்கிலம் பேசி வளர்கிறவர்களும் தங்கள் மொழியை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நம்முடைய சிக்கல், ஆங்கிலத்தை மட்டும் நாம் தனித்தனிச் சொல்லாகப் பிரித்துப் படிப்பதுதான்.

சொற்கள் இப்படிச் சேர்ந்து வருவதை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்கிறார்கள். சொற்சேர்க்கை என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பெரிதாகக் கவனித்தவர்கள் ஆங்கிலத்தை அந்நிய மொழியாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஹரோல்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர் 1922-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே இருந்துகொண்டு 1933-இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஏ. எஸ். ஹோர்ன்பி, ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதி ஒன்றை உருவாக்கினார். அது 1942-இல் தோக்கியோவில் வெளிவந்தது. இன்று நம் பள்ளி நூலகத்தில் தடியாக இருக்கிறதே ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி, அதனுடைய மூதாதை அதுதான். ஜப்பானிய மாணவர்கள் திணறியதால் பிறந்த புத்தகம். ஆக, திணறுவது நாம் மட்டும் இல்லை.

சரி, 'மேக்' 'டூ' பஞ்சாயத்துக்கு வருவோம். தமிழில் 'செய்' ஒன்றுதான். மலாயிலும் 'புவாட்' ஒன்றுதான். நாம் தினமும் புழங்கும் இரண்டு மொழியும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள, ஆங்கிலம் மட்டும் இரண்டாகப் பிரிக்கிறது. அதனால்தான் "தப்பு செஞ்சிட்டேன்" என்பது நேராக "டூ எ மிஸ்டேக்" ஆகிவிடுகிறது. சரியானது "மேக் எ மிஸ்டேக்". ஓரளவுக்கு உதவும் ஒரு வழி இருக்கிறது. முன்பு இல்லாத ஒன்று புதிதாக வந்தால் 'மேக்': மேக் எ நாய்ஸ், மேக் எ பிராமிஸ், மேக் எ டிசிஷன், மேக் எ மிஸ்டேக். ஏற்கெனவே இருக்கும் வேலையைச் செய்து முடித்தால் 'டூ': டூ த ஹோம்வொர்க், டூ த டிஷஸ், டூ ரிசர்ச். ஆனால் இதை முழுக்க நம்பிப் போகாதீர்கள். காலையில் படுக்கையைச் சரிசெய்வது 'மேக் த பெட்', புதிதாகக் கட்டில் எதுவும் செய்யவில்லை. வெள்ளம் வந்து புதிதாகச் சேதம் உண்டானாலும் அது 'டூ டேமேஜ்'தான். காரணம் தேடாமல் துண்டோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை.

இங்கே நம் ஊருக்கென்றே ஒரு கூடுதல் விஷயம் உண்டு. "ஓப்பன் த லைட்" என்று மலேசியாவில் எல்லா இனத்தவரும் சொல்கிறோம். மலாயில் 'பூக்கா லம்பு', மாண்டரினிலும் விளக்கைத் 'திற'க்கத்தான் செய்கிறார்கள். தமிழில் நாம் லைட்டைப் 'போடு'கிறோம், ஆனாலும் ஆங்கிலம் பேசும்போது கூட்டத்தோடு சேர்ந்து திறந்துவிடுகிறோம். ரோட்டில் ஒருவன் முந்திப் போனால் "ஹீ கட் மை கார்" என்கிறோம். மலாயில் 'போத்தோங்' என்பது வெட்டுவதற்கும் முந்துவதற்கும் பொது. வெளிநாட்டுக்காரர் கேட்டால் காரை யாரோ வாளால் வெட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். அவருக்கு 'ஓவர்டேக்' என்று சொல்ல வேண்டும்.

மாமாக் கடையில் இப்படிப் பேசுவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அது நம்முடைய மொழி, கேட்கிறவருக்குப் புரிகிறது, வேலை முடிகிறது. அதைக் கேட்டு மூக்கைச் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மூயெட் எழுத்துத் தாளும் வேலை நேர்காணலும் மாமாக் கடை இல்லை. இரண்டு சட்டை வைத்திருப்பது மாதிரி இரண்டு ஆங்கிலம் வைத்திருந்தால் போதும்.

இதில் தமிழ் கைகொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. மலாயில் 'பிஞ்சாம்' என்ற ஒரே வேர், இரவல் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் வருகிறது. அதனால் "பாரோ மீ யுவர் பென்" என்று வகுப்பில் அடிக்கடி கேட்கும். தமிழில் இரவல் கொடு வேறு, இரவல் வாங்கு வேறு. 'லெண்ட் டு' கொடுப்பது, 'பாரோ ஃப்ரம்' வாங்குவது. 'அவனுக்குக் கொடு', 'அவனிடமிருந்து வாங்கு' என்று சொல்லிப் பாருங்கள், டு-வும் ஃப்ரமும் தானாக வந்து உட்காரும். அதே மாதிரி 'ஹந்தார்' என்று மலாயில் பார்சலையும் அனுப்பலாம், ஆளையும் கொண்டுபோய் விடலாம். தமிழில் ஸ்டேஷனுக்கு என்னை யாரும் 'அனுப்ப' மாட்டார்கள், 'கொண்டுபோய் விடு'வார்கள். ஆகவே "சென்ட் மீ டு த ஸ்டேஷன்" வேண்டாம், "டிராப் மீ எட் த ஸ்டேஷன்" போதும். தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

அடுத்தது பிரிபோசிஷன். தமிழில் இதை முன்னிடைச்சொல் என்கிறோம். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம், நம் வேற்றுமை உருபு செய்யும் வேலையைத்தான் இதுவும் பெரும்பாலும் செய்கிறது. உருபு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், இது முன்னால் வந்து நிற்கும். 'வீட்டுக்கு' என்பதில் 'கு' பின்னால், 'டு த ஹவுஸ்' என்பதில் 'டு' முன்னால். முக்கியமானது என்னவென்றால், எந்த உருபு வரும் என்பதைத் தமிழிலும் வினைதான் முடிவு செய்கிறது. அவனை நம்பு, அவனோடு பேசு, அவனிடம் சொல், அவனுக்கு உதவு. 'அவனோடு நம்பு' என்று யாராவது சொன்னால் காது உடனே உறுத்துகிறது இல்லையா? ஆங்கிலத்திலும் அதே கதை. டிபெண்ட் வந்தால் 'ஆன்', கன்சிஸ்ட் வந்தால் 'ஒவ்', பிலாங் வந்தால் 'டு'. (இந்த 'ஒவ்' வ் சத்தத்தில் முடிவது. ஃபேனை அணைக்கும் 'ஆஃப்' வேறு. எழுதும்போது ஓர் எஃப் தான் வித்தியாசம், பலர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.)

இப்போது நம்மவர்கள் கட்டுரையில் நான் அதிகம் பார்க்கும் ஒன்று: "வீ டிஸ்கஸ்ட் எபவுட் த பிராப்ளம்." ஆசிரியர் 'எபவுட்' மேல் சிவப்பில் கோடு போடுவார். ஏன் என்று மாணவனுக்குப் புரியாது, ஏனென்றால் 'பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்' என்பதில் 'பற்றி' இருக்கிறதே! "எம்ஃபசைஸ் ஆன்", "ரிக்குவெஸ்ட் ஃபோர்", "காண்டாக்ட் வித்" எல்லாம் இதே குடும்பம். இதற்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கிறது, அதுவும் தமிழில் இருந்தே கிடைக்கிறது.

'நம்பு' வினை. அவனை நம்புகிறேன். அதையே பெயராக்குங்கள்: அவன் மேல் நம்பிக்கை. 'ஐ' போய் 'மேல்' வந்துவிட்டது. வெறு: அவனை வெறுக்கிறேன், ஆனால் அவன் மேல் வெறுப்பு. வினை தன் செயப்படுபொருளை நேராகப் பிடிக்கும். பெயருக்கு அந்தப் பிடி கிடையாது, நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படியே. டிஸ்கஸ் வினை, அதனால் "டிஸ்கஸ் த பிராப்ளம்". டிஸ்கஷன் பெயர், அதனால் "எ டிஸ்கஷன் எபவுட் த பிராப்ளம்". "எம்ஃபசைஸ் சேஃப்டி", ஆனால் "எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி". "ரிக்குவெஸ்ட் எ ரீஃபண்ட்", ஆனால் "எ ரிக்குவெஸ்ட் ஃபோர் எ ரீஃபண்ட்". "காண்டாக்ட் த மேனேஜர்", ஆனால் "இன் காண்டாக்ட் வித் த மேனேஜர்". அஃபெக்ட், இஃபெக்ட் குழப்பமும் இங்கேயே தீரும். வினையான 'அஃபெக்ட்'டுக்குப் பின்னால் 'ஆன்' வராது, பெயரான 'இஃபெக்ட்'டுக்குப் பின்னால் 'ஆன்' வரும். எல்லா வினையும் இப்படி நேராகப் பிடிக்காது, 'டிபெண்ட்' பிடிக்கவில்லை என்று மேலே பார்த்தோம். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

இதுவரை சொன்னதில் தப்பு விட்டால் மார்க் போகும், அர்த்தம் போகாது. "டிஸ்கஸ் எபவுட்" என்றாலும் எல்லாருக்கும் புரியும். இனிமேல் வருவது அப்படி இல்லை.

இன்கிரீஸ் 'பை', இன்கிரீஸ் 'டு'. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது. "இன்கிரீஸ் த டெம்பரேச்சர் பை 20 டிகிரி" என்றால் 50-க்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் லேப்பில் பக்கத்துக் குழு இதை 'டு' என்று படித்துவிட்டு, சூடாக்கும் தொட்டியில் 20 என்று வைத்துவிட்டார்கள். தண்ணீர் ஏற்கெனவே 30. ஹீட்டர் எப்படி வேலை செய்யும்? மெஷின் ரிப்பேர் என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கேள்வித்தாளில் அந்த 'பை' மேல் விரலை வைத்துக் காட்டினார். அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் 8 பார் அழுத்தத்தில் இருக்கும் ஒரு கலனில் "ரிடியூஸ் த பிரஷர் டு 2 பார்" என்பதை 'பை' என்று படித்தால், உள்ளே இன்னும் 6 பார் இருக்கும். 2 தான் இருக்கிறது என்று நம்பி ஒருவர் மூடியைத் திறக்கப் போவார். இரண்டெழுத்துச் சொல்தான். தமிழில் நாம் '20 டிகிரி கூட்டு', '20 டிகிரிக்குக் கொண்டுவா' என்று பிரித்துத்தான் சொல்கிறோம். அந்த 'க்கு'தான் 'டு'.

'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்' இன்னொரு ஜோடி. குழாயில் விரிசல், அதனால் கசிவு. "த கிராக் ரிசல்டட் இன் எ லீக்" என்றாலும் சரி, "த லீக் ரிசல்டட் ஃப்ரம் எ கிராக்" என்றாலும் சரி. 'இன்' என்றால் பின்னால் விளைவு வருகிறது, 'ஃப்ரம்' என்றால் பின்னால் காரணம் வருகிறது. மாற்றிப் போட்டால் கசிவினால் விரிசல் வந்தது என்று ஆகிவிடும். விபத்து அறிக்கையில் இப்படி எழுதினால் படிக்கிறவர் தவறான இடத்தைப் போய்ச் சரிபார்ப்பார்.

'சப்ஸ்டிடியூட்' இதைவிட வில்லங்கமானது. "சப்ஸ்டிடியூட் காப்பர் ஃபோர் அலுமினியம்" என்றால் செம்பு உள்ளே வருகிறது, அலுமினியம் வெளியே போகிறது. "ரிப்ளேஸ் காப்பர் வித் அலுமினியம்" என்றால் செம்பு வெளியே, அலுமினியம் உள்ளே. சொல் வரிசை ஒன்றுதான், வேலை நேர் எதிர். பேச்சில் "சப்ஸ்டிடியூட் வித்" என்றும் கேட்கலாம், அப்போது மறுபடியும் தலைகீழ். என்னைக் கேட்டால் எழுத்தில் 'ரிப்ளேஸ் வித்' மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது.

எஸ்.பி.எம். ஃபிசிக்ஸ் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. "பிளாட் வி அகெய்ன்ஸ்ட் ஐ" என்று கேள்வி வரும், மலாயில் 'மெலாவான்'. எதிர்த்துச் சண்டை போடுவதாக நினைத்து, எதை எந்த அச்சில் வைப்பது என்று விழிப்பார்கள். 'அகெய்ன்ஸ்ட்'டுக்கு முன்னால் வருவது நிமிர்ந்து நிற்கும் அச்சு, பின்னால் வருவது படுத்திருக்கும் அச்சு. சரியாக வரைந்தால் கோட்டின் சாய்வு மின்தடையைத் தரும். மாற்றி வரைந்தால் ஒன்றின் கீழ் மின்தடை கிடைக்கும், அதற்குப் பிறகு வரும் கணக்கு எல்லாம் போச்சு. ஃபிசிக்ஸ் தெரிந்தும் ஒரு முன்னிடைச்சொல்லில் மார்க் விடுவது எனக்குப் பார்க்கவே வயிறு எரியும்.

கடைசியாக, வினையோடு அப், ஆஃப், அவுட் போன்ற குட்டிச் சொற்கள் ஒட்டும் விஷயம். ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். புத்தகக் கடையில் ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் என்று பட்டியல் விற்கிறார்கள். நான் வாங்கச் சொல்ல மாட்டேன், 'போடு'வுக்குப் பட்டியல் மாதிரிதான் அது. இடம் மட்டும் தெரிந்தால் நல்லது. "டர்ன் ஆஃப் த பம்ப்" சொல்லலாம், "டர்ன் த பம்ப் ஆஃப்" சொல்லலாம். ஆனால் பம்ப் என்ற பெயருக்குப் பதில் 'இட்' வந்தால் "டர்ன் இட் ஆஃப்" மட்டும்தான், "டர்ன் ஆஃப் இட்" கிடையாது. 'லுக் ஆஃப்டர்' நேர்மாறு: "லுக் ஆஃப்டர் இட்" மட்டும்தான். எது எந்த வகை என்பதைக் காதாலும் ஓரளவு பிடிக்கலாம். 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் எட் இட்' என்பதில் 'லுக்' மேல் விழும், 'எட்' நழுவிப் போகும்.

எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். நோட்டில் புதுச் சொல்லை எழுதி எதிரே தமிழ் அர்த்தம் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 'அப்ளை = பயன்படுத்து' என்று எழுதியவனுக்கு ஒன்றும் வராது. "அப்ளை எ ஃபோர்ஸ் டு த பீம்", "அப்ளை ஃபோர் எ ஸ்காலர்ஷிப்" என்று முழுத் துண்டாக எழுதினால், வினையும் பெயரும் இடையில் நிற்கும் ஆளும் ஒன்றாக வந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று துண்டு போதும். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் டிக்ஷனரி இருக்கிறது, முதல் பதிப்பு 2002. அதில் அர்த்தத்தைத் தேடாதீர்கள். 'டிசிஷன்' என்ற பெயரைத் திறந்தால், அதோடு எந்தெந்த வினை சேரும் என்று வரிசையாகக் கொடுத்திருக்கும்.

பயிற்சிக்கு இரண்டு தருகிறேன். "த என்ஜினியர் அப்ரோச்ட் டு த பிராப்ளம் கேர்ஃபுல்லி" என்ற வாக்கியத்தில் எது கூடுதல்? இரண்டாவது, ஒரு தொட்டியில் 90 லிட்டர் தண்ணீர். அதை "பை ஒன் தேர்ட்" குறைத்தால் எவ்வளவு மிஞ்சும், "டு ஒன் தேர்ட்" குறைத்தால் எவ்வளவு மிஞ்சும்? (பாதி என்றால் பையும் டுவும் ஒரே விடை தந்து நம்மை ஏமாற்றிவிடும், அதனால்தான் மூன்றில் ஒன்று.) முதலாவதில் 'டு' கூடுதல், 'அப்ரோச்' அங்கே வினை, பெயராக வந்திருந்தால் 'டு' வேண்டும். இரண்டாவதுக்கு விடை, பை என்றால் 60 லிட்டர், டு என்றால் 30.